கேபிள் லைனில் டெலிபோன்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுக்கும் காங்கயத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் எங்கள் கடை இருக்கிறது. மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைத்து, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கேபிள் இழுத்த காலத்தில் மாமா தொடங்கிய தொழில். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். டிவிக்காக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்டர்நெட்டுக்காக வருகிறவர்களில் பாதிப் பேர், "இதிலேயே போனும் வருமாமே?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒரே பதிலைத் தினமும் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன். அவசரமாக வந்தவர்கள் பவர் கட் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் போகவும். இணைப்பு வாங்கிய பிறகு என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் எல்லாரும் அதைக் கேட்காமல் வாங்கியவர்கள்.

டிவி வரும் ஒயரில் டெலிபோன் எப்படி வரும்?

கறுப்புக் கேபிளை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதற்கு மேல் அலுமினியத் தாளும் பின்னல் வலையும். இந்தக் கோஆக்சியல் கேபிளில் ஏராளமான அலைவரிசைகளை ஒன்றாக ஏற்றலாம். டிவி சேனல்கள் போக மிச்சமிருக்கும் இடத்தில் இன்டர்நெட்டை ஏற்றலாம் என்பதை அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் 1990களில் செய்து காட்டின. அவர்கள் கூட்டாக நடத்தும் கேபிள்லேப்ஸ் என்ற ஆய்வு அமைப்பு 1997-இல் 'டாக்சிஸ்' என்ற தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. யார் செய்த மோடமாக இருந்தாலும் யாருடைய கேபிளிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வந்தவை அவை. 1999-இல் வந்த டாக்சிஸ் 1.1, குரலுக்குத் தனி முன்னுரிமை கொடுக்க வழி செய்தது. கேபிள் வழி இன்டர்நெட் டெலிபோன் வீட்டுக்கு வீடு போனது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டில் தெரியப்போவது இவ்வளவுதான்: கேபிள் மோடத்தில் வந்து சேரும், மோடத்தின் பின்புறம் டெலிபோன் ஒயரைச் செருகும் சிறிய துளை ஒன்றோ இரண்டோ இருக்கும், அதில் உங்கள் போனை மாட்டினால் டயல் டோன் கேட்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை.

நான் பேசும் குரல் அந்த ஒயரில் என்னவாகிப் போகிறது?

ரிசீவரில் நீங்கள் "சௌக்கியமா" என்கிறீர்கள். மோடத்துக்குள் இருக்கும் அடாப்டர் உங்கள் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இது ஜி.711 என்ற முறை. விநாடிக்கு 64,000 பிட். இருபது மில்லி விநாடிக்கு, அதாவது ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்ததில் இருபது பங்குக்கு ஒருமுறை, சேர்ந்த 160 பைட்டை ஒரு பொட்டலமாகக் கட்டி, அதன் தலையில் எங்கிருந்து எங்கே என்ற முகவரி விவரங்களாக 40 பைட்டை ஒட்டி அனுப்புகிறது. விநாடிக்கு ஐம்பது பொட்டலம். "சௌக்கியமா" சொல்லி முடிப்பதற்குள் முப்பது நாற்பது பொட்டலங்கள் கிளம்பிவிடும்.

கீழ்நோக்கி, அதாவது எங்கள் கன்ட்ரோல் ரூமிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது எளிது. எல்லார் பொட்டலமும் பூட்டுப் போட்டு ஒரே ஒயரில் வரும். உங்கள் மோடம் தன்னுடையதை மட்டும் திறந்து எடுத்துக்கொள்ளும். மேல்நோக்கிப் போவதில்தான் சிக்கல். ஒரு பகுதியிலுள்ள நூறு மோடங்களுக்கும் பாதை ஒன்றுதான். அத்தனையும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் போய்ச் சேராது.

பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எல்லா மடையையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கடைமடைக்குச் சொட்டுக்கூட எட்டாது. கேபிளிலும் அப்படித்தான். கன்ட்ரோல் ரூமில் உள்ள கருவி, மடையைத் திறந்து மூடும் வாய்க்கால் லஸ்கர் மாதிரி. எந்த மோடம் எந்த நொடித்துளியில் அனுப்பலாம் என்று அதுதான் முறை சொல்கிறது. சாதாரண டேட்டாவுக்கு மோடம் முதலில் 'எனக்கு முறை வேண்டும்' என்று விண்ணப்பித்து, கிடைத்த பிறகு அனுப்பும். டெலிபோன் அழைப்புக்கு அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் அழைப்பு தொடங்கியதும், இருபது மில்லி விநாடிக்கு ஒரு முறை என்று கேட்காமலே ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருந்தாலும் அந்த முறையைத் தொட முடியாது.

அப்படியானால் வாட்ஸப் அழைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதுவும் இன்டர்நெட்தானே?

குரலைப் பொட்டலமாகக் கட்டுவது இரண்டிலும் ஒன்றுதான். வாட்ஸப் அழைப்புக்கு வழியில் யாரும் முறை ஒதுக்குவதில்லை. மற்ற டேட்டாவோடு முண்டியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பாதை காலியாக இருக்கும்போது அது அருமையாகவே கேட்கும். உண்மையைச் சொன்னால் பல நேரங்களில் லேண்ட்லைனைவிடத் தெளிவாகக் கேட்கும். இரண்டாவது, வாட்ஸப்பில் வாட்ஸப் வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசலாம். கேபிள் டெலிபோனுக்கு முறையான எண் உண்டு. உரக்கடை, மின்வாரிய அலுவலகம், மொபைலே வைத்துக்கொள்ளாத பெரியப்பா என எல்லாரையும் அழைக்கலாம். அவர்களும் உங்களை அழைக்கலாம்.

எங்கள் ஊர்க் கேபிள்காரர் ஃபைபர் என்கிறாரே, அது வேறா?

வேறுதான். ஆனால் இந்தப் பக்கத்தின் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும். நம் பக்கத்துக் கேபிள்காரர்கள் பலர் டிவிக்குக் கறுப்பு ஒயரும் இன்டர்நெட்டுக்கு மெல்லிய ஃபைபரும் ஒரே கம்பத்தில் இழுத்திருக்கிறார்கள். கேபிள் மோடத்துக்குப் பதில் ஓ.என்.டி. என்ற வெள்ளைப் பெட்டி இருக்கும். அதில் டெலிபோன் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பெட்டிகளில் இருக்காது. ஜியோ ஃபைபர் 2019-இல் வணிகரீதியாகத் தொடங்கியபோது லேண்ட்லைனையும் சேர்த்தே கொடுத்தது. பிஎஸ்என்எல், ஏர்டெல் ஃபைபர் இணைப்புகளிலும் டெலிபோன் இதே வழியில்தான் வருகிறது.

பவர் கட் ஆனால் போன் வேலை செய்யுமா?

ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் செய்யாது.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து போனதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் அறை நிறைய பேட்டரிகளை அடுக்கி, 48 வோல்ட்டை அதே ஜோடிக் கம்பியில் அனுப்பினார்கள். புயலடித்து ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டோன் கேட்டதற்கு அதுதான் காரணம். நாம் அதை டெலிபோனின் குணம் என்றே நினைத்துவிட்டோம். கேபிள் டெலிபோனில் மோடத்துக்கு மின்சாரம் தர வேண்டியது நீங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் போனால் மாலை 4 அல்லது 5 மணிக்குத்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் மோடத்தின் பிளக்கை மாட்டியிருந்தால் கவலை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைக்கலாம். உள்ளங்கை அகலப் பெட்டி. வாங்குமுன் மோடத்தின் பவர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள். சிறிய பெட்டி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பராமரிப்பு நாள் முழுக்கத் தாங்காது. கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு. மோடம் உயிரோடு இருக்கும், ஆனால் கார்ட்லெஸ் போனின் தாங்கிக்கு மின்சாரம் இருக்காது. பத்து வருடப் பழைய ஒயர் போன் ஒன்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அன்றைக்கு அது உதவும்.

உங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் இருந்தால் போதுமா என்று ஒரு ஆசிரியர் கேட்டார். சரியான கேள்வி. கோஆக்சியல் லைனில் சில நூறு மீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கம்பத்தில் தொங்கும். அதற்கும் மின்சாரம் வேண்டும். அதே கேபிளிலேயே 60 அல்லது 90 வோல்ட் ஏற்றி ஓட்டுவார்கள். அந்த மின்பெட்டிக்குப் பேட்டரி போட்டிருக்கிறாரா என்று உங்கள் கேபிள்காரரைக் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் இல்லை என்று பொருள். வீட்டுக்கு வரும் ஃபைபர் லைன் இந்த விஷயத்தில் மேல். கன்ட்ரோல் ரூமுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் வரை மின்சாரம் கேட்கும் கருவி எதுவும் வேண்டாம். நடுவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக்கூட மின்சாரம் தேவையில்லை. இரண்டு முனையும் விழித்திருந்தால் போதும்.

தோட்டத்துச் சாளையில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள், அங்கே மொபைல் சிக்னலும் சரியில்லை என்றால், பேட்டரி ஏற்பாடு இல்லாமல் இந்த இணைப்பை நான் கொடுப்பதில்லை. வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. யாரைத் திட்டுவது?

முதலில் யாருக்கு வெட்டுகிறது என்று கவனியுங்கள். எதிர்முனைக்காரர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது மட்டும் அவருக்கு வெட்டினால் கோளாறு மேல்நோக்கிய பாதையில் இருக்கிறது. அது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ தெருவிலோதான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட கதை ஒன்று. சென்னிமலைப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரருக்குச் சொந்தத் தறிக்கூடம், சுவரோடு ஒட்டினாற்போல். மகள் பெங்களூரில். அவள் பேசுவது இவருக்கு மணி மணியாகக் கேட்கிறது; இவர் பேசுவது அவளுக்கு "அப்... சாப்... யா" என்று போகிறது. எங்கள் பையன் முதல் தடவை போய் மோடத்தை மாற்றினான். இரண்டாம் தடவை டெலிபோனை மாற்றினான். மூன்றாம் தடவை, மேலே நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தான். நான்காம் தடவை நானே போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு குறையும் இல்லை! மகளோடு கால் மணி நேரம் பேசினார், ஒரு எழுத்துகூட விழவில்லை. "நீ வந்தால் மட்டும் ஒழுங்காக இருக்கிறதப்பா" என்றார். கிளம்பும்போதுதான் உறைத்தது. தறிச் சத்தம் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி போய் மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் சேலைக் கிழிசலால் கட்டிய, ஒரு கேபிளைப் பலதாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாயில் ஒன்று திறந்து கிடந்தது; முன்பு அதில் மாட்டியிருந்த இரண்டாவது டிவியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இன்னொரு வாயில் இருந்த கனெக்டரைக் கருவியால் அழுத்தாமல் கையால் திருகி மாட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. கேபிளின் மேல்நோக்கிய பாதை 5 மெகா ஹெர்ட்ஸ் தொடங்கி 42 அல்லது 65 மெகா ஹெர்ட்ஸ் வரை இருக்கும் கீழ் அலைவரிசையில் ஓடுகிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் தெறிக்கும் பொறியின் இரைச்சலும் அங்கேதான் பரவும். சரியாக மூடிய கேபிளுக்குள் அது நுழையாது. திறந்த வாய் கிடைத்தால் ஆண்டெனாவுக்குள் போவது போல் போகும். தறி ஓடிய நேரமெல்லாம் இரைச்சல் அந்த வழியாக ஏறி, குரல் பொட்டலங்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

கனெக்டரை வெட்டிப் புதிதாக அழுத்தினேன். திறந்த வாய்க்கு 75 ஓம் மூடி ஒன்றைத் திருகினேன். டீ குடிக்கும் காசுதான் செலவு. மறுநாள் அந்தத் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவர், நான் கேட்காமலே, "நெட் வேகம் கூடியிருக்கிறதே, ஏதாவது செய்தீர்களா?" என்றார். பாதை பொதுவானது, ஒரு வீட்டு மொட்டை மாடியில் நுழையும் இரைச்சல் தெரு முழுவதற்கும் சேர்ந்துதான் மேலே போகிறது.

அதனால்தான் சொல்கிறேன்: வீட்டில் தேவையில்லாத ஸ்ப்ளிட்டரை எடுத்துவிடுங்கள். மோடத்துக்கு வரும் ஒயர் நடுவில் இரண்டு மூன்று ஒட்டுப் போட்டதாக இருக்கக்கூடாது. இன்சுலேஷன் டேப் சுற்றி இணைத்த கேபிளில் டிவி ஓடும், போன் ஓடாது.

எதிரொலி வருகிறதே?

எதிரொலி பெரும்பாலும் எதிர்முனையிலிருந்து வருகிறது. அவருடைய ஸ்பீக்கரில் வந்த உங்கள் குரல் அவருடைய மைக்கில் மறுபடி ஏறித் திரும்புகிறது. பழைய டெலிபோனிலும் இது உண்டு. தாமதம் மிகக் குறைவு என்பதால் காது பிரித்துணரவில்லை. இங்கே பொட்டலம் கட்டவும், வழியில் முன்பின்னாக வருவதைச் சீராக்க ஒரு சிறிய தொட்டியில் தேக்கி விடவும் நேரம் பிடிக்கிறது. அவரை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது தடவை அதோடு போய்விடும்.

டேட்டா நிறைய தின்னுமா?

தின்னாது. 160 பைட் குரலும் 40 பைட் முகவரியும் விநாடிக்கு ஐம்பது முறை என்றால் ஒரு திசைக்கு 80 கிலோபிட். ஒரு மணி நேரம் பேசினால் ஒரு திசைக்கு 36 எம்.பி., இரண்டும் சேர்த்து 72. ஜி.729 என்ற சுருக்கு முறையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். குரல் சற்று மெலியும். போனுக்காக வேகமான திட்டத்துக்கு மாற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டிலுள்ள பழைய போனையே மாட்டலாமா?

பொத்தான் போனாக இருந்தால் மாட்டலாம். விரலைவிட்டுச் சுழற்றும் அப்பாரு காலத்துப் போனில் மணி அடிக்கும், பேசலாம், ஆனால் பல அடாப்டர்களில் எண் போகாது. அந்தப் போன் எண்ணைச் சொடுக்குகளாக அனுப்புகிறது. அடாப்டர் பொத்தானின் இசையொலியைத்தான் எதிர்பார்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. வீடு முழுக்க ஏற்கெனவே இருக்கும் டெலிபோன் ஒயரிங்கில் அடாப்டரை இணைக்க விரும்பினால், வெளியே கம்பத்திலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று அலுவலகம் சொன்ன பிறகும் அதில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இருக்கலாம். அதோடு மோதினால் அடாப்டர் போய்விடும்.

முப்பது வருடமாக வைத்திருக்கும் எண் போய்விடுமா?

நிறுவனம் மாறினால் போய்விடும். மொபைலில் உள்ள எண் மாற்றா வசதி நம் நாட்டில் லேண்ட்லைனுக்கு இல்லை. அதே நிறுவனத்தின் செம்புக் கம்பியிலிருந்து அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறுகிறீர்கள் என்றால் எண்ணைத் தக்கவைக்கும் வாய்ப்பு உண்டு. விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். கோவை 0422, திருப்பூர் 0421, ஈரோடு 0424 என்ற ஊர்க் குறியீடுகள் புதிய இணைப்பிலும் அப்படியே இருக்கும். கடைப் பெயர்ப்பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் எண்ணை அச்சடித்துப் பழகிய வியாபாரிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழைய இணைப்பை ஒரு ஆறு மாதம் குறைந்த வாடகையில் வைத்திருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

மொபைல் எண்ணுக்கு அழைத்தால் போகவே மாட்டேன் என்கிறது?

முன்னால் பூஜ்யம் போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைக்க 0 கட்டாயம்.

இதெல்லாம் சட்டப்படி சரிதானா? எங்கள் கேபிள்காரரே எண் கொடுப்பாரா?

எண்ணைக் கொடுப்பது உரிமம் பெற்ற டெலிபோன் நிறுவனம். கேபிள்காரர் ஒயரை வைத்திருப்பவர், அல்லது அந்த நிறுவனத்தின் முகவர். இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோன் 2002 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் நாட்டுக்குள் இருக்கும் சாதாரண டெலிபோனுக்கு அதில் பேச வழியில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017-இல் பரிந்துரை தந்து, தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூனில் உரிம விதிகளைத் திருத்திய பிறகுதான் எந்த நிறுவனத்தின் இன்டர்நெட்டில் இருந்தும் டெலிபோன் எண்ணுக்குப் பேசும் சேவை தெளிவானது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற பெயரில் அப்படி ஒன்றைத் தொடங்கியது.

எண்ணுக்கு ரசீது, நிறுவனத்தின் பெயர், அடையாளச் சான்று சரிபார்ப்பு மூன்றும் இல்லாமல் யாராவது 'நெட் போன்' கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒரு பெட்டியை வீட்டில் வைத்தால் மாதம் ஐயாயிரம் வாடகை தருவதாகச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

கூடவே கூடாது. நிறைய சிம் கார்டு செருகிய அந்தப் பெட்டிக்கு சிம் பாக்ஸ் என்று பெயர். வெளிநாட்டு அழைப்பை இன்டர்நெட் வழியாக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளூர் அழைப்பாக வெளியே விடும் கள்ளத்தனம் அது. ஏமாற்றுக்காரர்கள் தங்கள் இருப்பிடத்தை மறைக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அனுமதியின்றிச் சேவை நடத்துவோருக்குச் சிறைத் தண்டனை இருக்கிறது. போலீஸ் வரும்போது பெட்டிக்காரன் இருக்க மாட்டான். வீடும் இன்டர்நெட் இணைப்பும் உங்கள் பெயரில் இருக்கும்.

108, 112 அழைத்தால் நம் இடம் அவர்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்று நம்பி இருக்க வேண்டாம். செம்புக் கம்பி ஒரு வீட்டில் முடிந்தது, எண்ணே முகவரி. இன்டர்நெட் டெலிபோனைச் செயலி வழியாக ஓசூருக்கோ மைசூருக்கோ எடுத்துக்கொண்டு போகலாம். எண் ஈரோடு என்றே காட்டும். அமெரிக்காவில் இதனால் ஏற்பட்ட சிக்கல்களைத் தொடர்ந்து 2005-இல் இருப்பிட விவரத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, எடுத்தவுடன் ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ ரைஸ் மில்லோ எது என்று சொல்லிவிடுவது. போனுக்கு மேலே சுவரில் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். பதறும் நேரத்தில் சொந்தக் கதவு எண்ணே மறந்துபோகும்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். வெளிநாட்டு பையர்களோடு பேச இது தாங்குமா?

தாங்கும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் இயல்பாகப் பேசலாம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். கோவையிலிருந்து சென்னைக்கு ஒளியிழையில் இரண்டு மூன்று மில்லி விநாடிதான். அமெரிக்கா என்றால் நூறைத் தாண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் தொடங்குவது அதனால்தான். செயற்கைக்கோள் வழி ஐ.எஸ்.டி. அழைப்பில் இதைவிட இரண்டு மடங்கு தாமதம் இருந்தது. இரவுக் கட்டணத்துக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்தவர்களுக்கு இப்போதைய தாமதம் பொருட்டாகவே படாது.

அலுவலகத்துக்கு நான் சொல்வது வேறு. உங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றுங்கள். தெரிந்த ஒரு அலுவலகத்தில் 'அட்மின்' என்றே விட்டுவைத்திருந்தார்கள். எங்கிருந்தோ நுழைந்தவர்கள் சனி இரவு முழுக்க ஆப்பிரிக்க நாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளியிருக்கிறார்கள். பில்லைப் பார்த்த கணக்காளர் முதலில் ஒரு புள்ளி தவறாக விழுந்திருக்கிறது என்று நினைத்தாராம். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத இணைப்புகளில் ஐ.எஸ்.டி.யைப் பூட்டி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஃபேக்ஸ் போகுமா? திருட்டு அலாரம்?

ஃபேக்ஸுக்கு அடாப்டரில் டி.38 என்ற வசதி இருக்க வேண்டும். இருந்தாலும் நம்ப முடியாது. ஸ்கேன் செய்து மெயில் அனுப்புங்கள். டெலிபோன் லைனில் தானே டயல் செய்யும் பழைய அலாரத்தை இதில் மாட்டாதீர்கள். திருடன் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினால் அலாரத்தோடு போனும் போய்விடும்.

டயல் டோன் எங்கிருந்து வருகிறது?

இதைக் கேட்டவர் கோபியிலிருந்து பேரன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மிச்சி. பழைய போனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. இதில் உங்கள் மேசை மேல் இருக்கும் பெட்டியே அந்த ஒலியை உண்டாக்கி உங்கள் காதுக்குத் தருகிறது. பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்றுதான். இன்னொன்றும் செய்கிறது. இருவரும் பேசாமல் இருக்கும்போது பொட்டலம் அனுப்புவதை நிறுத்தி இடத்தை மிச்சப்படுத்தும் முறை ஒன்று உண்டு. அப்போது லைனில் சுத்தமான நிசப்தம் நிலவும். அது மனிதர்களுக்குப் பொறுக்காது, "ஹலோ, ஹலோ, இருக்கிறீர்களா?" என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே கேட்பவர் பக்கத்துப் பெட்டியே லேசான இரைச்சலைச் செயற்கையாகப் போட்டு, லைன் உயிரோடு இருப்பது போலக் காட்டுகிறது.

அம்மிச்சி இதைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு பேரனிடம், "உன் தாத்தாவும் நான் பேசும்போது இப்படித்தான் ஊம் கொட்டுவார்" என்றார்.